நூற்றுக்கணக்கான படங்களுக்கு ஒரே மூச்சில் வாட்டர்மார்க்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாட்டர்மார்க் என்கிறார்களே, இதில் தண்ணீர் எங்கே இருக்கிறது?

காகிதத்தில் இருந்தது. கையால் காகிதம் செய்த காலத்தில், கூழை அள்ளும் சல்லடையில் கம்பியை வளைத்து ஓர் உருவத்தைக் கட்டிவைப்பார்கள். நீர் வடியும்போது கம்பி இருக்கும் இடத்தில் கூழ் மெல்லியதாகப் படியும். காய்ந்த தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்த உருவம் தெரியும். இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இந்த வழக்கம் இருந்தது. இன்ன பட்டறையின் தாள் என்று அது சொல்லும்.

படத்தின்மேல் பெயரையோ லோகோவையோ மங்கலாகப் பதிப்பதற்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தமிழில் நீர்க்குறி என்றும் எழுதுகிறார்கள். மென்பொருளின் மெனுவில் தேடப்போகிறவர்களுக்காக இங்கே வாட்டர்மார்க் என்றே எழுதுகிறேன்.

வாட்டர்மார்க் போட்டுவிட்டால் படத்தை யாரும் எடுக்க முடியாது, சரிதானே?

வாசலில் பெயர்ப்பலகை மாட்டியதால் வீடு பூட்டியதாக ஆகிவிடாது. வருகிறவருக்கு யார் வீடு என்று தெரியும், அவ்வளவுதான். படம் கைமாறிக் கைமாறி எங்கே போய்ச் சேர்ந்தாலும் எடுத்தவர் பெயர் கூடவே போகிறது. வாங்க நினைப்பவர் உங்களைத் தேடி வர ஒரு வழி இருக்கிறது. யாருடைய படம் என்று தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று பிறகு ஒருவர் கையை விரிக்க முடியாது.

பதிப்புரிமையை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், படத்தை எடுத்தபோதே உரிமை பிறந்துவிடுகிறது. குறியோ பதிவோ அதற்குத் தேவையில்லை. ஆனால் குறியை அழிப்பவருக்குத் தனிச் சிக்கல் உண்டு. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் 1996ஆம் ஆண்டுப் பதிப்புரிமை உடன்படிக்கை, உரிமைத் தகவலைத் தெரிந்தே நீக்குவதற்கு எதிராகச் சட்டம் வைத்திருக்க வேண்டும் என்று தன் உறுப்பு நாடுகளிடம் கேட்கிறது.

எந்த மென்பொருளில் செய்வது நல்லது?

படங்களை ஏற்கெனவே எதில் திருத்துகிறீர்களோ அதிலேயே வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லைட்ரூம் கிளாசிக் வைத்திருப்பவர்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை. வாட்டர்மார்க்கை ஒரு முறை வடிவமைத்துப் பெயரிட்டுச் சேமித்துவிட்டால், எக்ஸ்போர்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். படம் பெரிதோ சிறிதோ, விகிதம் பார்த்துத் தானே பொருந்திக்கொள்ளும். மூலக் கோப்பைத் தொடாது என்பது அதைவிடப் பெரிய நிம்மதி.

ஃபோட்டோஷாப்பில் 'ஆக்‌ஷன்' (அடுத்தடுத்துச் செய்யும் வேலைகளின் பதிவு) ஒன்றைப் பதிவு செய்து 'பேட்ச்' அல்லது 'இமேஜ் பிராசசர்' வழியாக ஓட்ட வேண்டும். எதையும் செய்யலாம் என்ற வலிமை அதற்கு உண்டு. எதையும் தவறாகச் செய்துவிடும் வாய்ப்பும் அதோடு வருகிறது. கீழே அதைப் பற்றி நிறையவே சொல்லியிருக்கிறேன்.

பணம் செலவழிக்க விருப்பமில்லை என்றால் எக்ஸ்என்கன்வர்ட்டைப் பாருங்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். சொந்த உபயோகத்துக்கு இலவசம். செய்ய வேண்டியவற்றை ஒரு பட்டியலாக அடுக்கினால் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகச் செய்யும். அளவைக் குறைப்பதை மேலேயும் வாட்டர்மார்க்கை அதற்குக் கீழேயும் வைத்தால் வேலை சரியாக நடக்கும். மாற்றி வைத்தால், போட்ட எழுத்தும் படத்தோடு சேர்ந்து சுருங்கி எறும்பு வரிசைபோல் நிற்கும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

விண்டோஸில் இர்ஃபான்வியூ இருந்தால் 'பி' விசையைத் தட்டியதும் பேட்ச் சாளரம் திறக்கும்; மேம்பட்ட விருப்பங்களில் எழுத்தையும் லோகோவையும் சேர்க்கலாம். வணிக உபயோகம் என்றால் உரிமம் வாங்க வேண்டும். டிஜிகாமும் டார்க்டேபிளும் முற்றிலும் கட்டற்ற மென்பொருள்கள், இரண்டிலும் வாட்டர்மார்க் வசதி உண்டு. ஜிம்ப்பில் தொகுப்பாகச் செய்வதற்குத் தனிச் சாளரம் கிடையாது. பிம்ப் என்ற செருகுநிரலைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அது ஜிம்ப் 2 காலத்தியது. 2025இல் வந்த ஜிம்ப் 3இல் பழைய செருகுநிரல்கள் அப்படியே ஓடாது என்பதை நினைவில் வையுங்கள்.

கட்டளை வரிக்கு அஞ்சாதவர்களுக்கு இமேஜ்மேஜிக். வேகத்தில் அதற்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் அடுத்த பதிலைப் படிக்காமல் அதைத் தொடாதீர்கள்.

தொடங்குவதற்கு முன்னால் கட்டாயம் செய்ய வேண்டியது எது?

படங்களை வேறு கோப்புறைக்கு நகலெடுப்பது. விளைவு போய்ச் சேரும் கோப்புறை மூலக் கோப்புறையாக இருக்கவே கூடாது.

சொல்வது எளிது. நானே ஒரு விழாவில் எடுத்த அறுநூற்றுச் சொச்சம் படங்களின்மேல், இமேஜ்மேஜிக்கின் 'மோக்ரிஃபை' கட்டளையை ஓட்டினேன். வேறு பாதையைக் காட்டாவிட்டால் அது மூலக் கோப்பின்மேலேயே எழுதிவிடும். அது தெரியாமல் ஓட்டினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. தெரிந்தும், இரவு நேர அவசரத்தில் பாதையை எழுத மறந்துவிட்டேன். தேநீர் போட்டுக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒவ்வொரு படத்தின் மூலையிலும் என் பெயர் அழகாக உட்கார்ந்திருந்தது. பெயர் இல்லாத படம் கணினியில் ஒன்றுகூட இல்லை. மெமரி கார்டை இன்னும் அழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன்.

ஒரு படத்தில் தவறு செய்தால் ஒரு படம் போகும். தொகுப்பு வேலையில் அந்தத் தவறு அறுநூறாகப் பெருகிவிடும், அதுவும் இரண்டு நிமிடத்தில். ஆகவே முழுத் தொகுப்பை ஓட்டும் முன் ஐந்தாறு படங்களைப் பொறுக்கி ஓட்டிப் பாருங்கள். நன்றாக வந்திருக்கும் படங்களைப் பொறுக்காதீர்கள். இருட்டான ஒன்று, வெளுத்த வானம் உள்ள ஒன்று, நெட்டாக எடுத்தது ஒன்று, வெட்டிச் சிறிதாக்கியது ஒன்று, போனில் எடுத்தது ஒன்று என்று தொல்லை தரக்கூடியவற்றையே பொறுக்குங்கள்.

எழுத்தாகப் போடுவதா, லோகோவாகப் போடுவதா?

பெயரோ இணைய முகவரியோ மட்டும் போதும் என்றால் எழுத்து. எழுத்துருவும் வடிவமும் மாறக் கூடாது என்றால் லோகோ. லோகோவை பின்புலம் இல்லாத பிஎன்ஜி கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஜேபெக்கில் ஒளி ஊடுருவும் பகுதி என்ற ஒன்றே கிடையாது. அதில் சேமித்த லோகோ வெள்ளைக் கட்டத்தோடுதான் வந்து உட்காரும், சுவரொட்டி ஒட்டியதுபோல.

வெள்ளை எழுத்து, அதைச் சுற்றி மெல்லிய கறுப்பு நிழல். இதுதான் பெரும்பாலான படங்களில் நிற்கும் சேர்க்கை. நிழல் இல்லாத வெள்ளை மேகத்தில் கரைந்துவிடும். கறுப்பு, கூந்தலிலும் நிழலிலும் மறைந்துவிடும். சிவப்பு எழுத்தைத் தவிர்ப்பது நல்லது. ஜேபெக் வழக்கமாக வெளிச்சத் தகவலை முழுமையாக வைத்துக்கொண்டு நிறத் தகவலைக் குறைத்துவிடுகிறது. மெல்லிய சிவப்புக் கோடுகள் அதில் மாட்டி, ஓரம் பிசிறிப்போய்த் தெரியும்.

தமிழில் என் பெயரைப் போட்டால் கொம்பு கழன்று நிற்கிறதே, ஏன்?

இது நம் எழுத்துக்கே உரிய தலைவலி. 'செல்வி' என்று தட்டச்சு செய்கிறீர்கள். கணினியின் உள்ளே முதலில் சகரம், அதன்பின் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது, எழுத்துகளை வரையும் நிரலின் பொறுப்பு. அந்த நிரல் தமிழ் அறியாததாக இருந்தால், வந்த வரிசையிலேயே வரைந்துவிடும்: ச முன்னே, கொம்பு பின்னே, சில நேரம் இடையில் ஒரு புள்ளி வட்டம். 'கோ' போன்ற எழுத்துகளில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நிற்க வேண்டும் என்பதால் கூத்து இன்னும் கூடும்.

ஃபோட்டோஷாப்பில் விருப்பத்தேர்வுகளின் 'டைப்' பகுதிக்குப் போய், உரை இயந்திரத்தைப் பழைய பதிப்புகளில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சௌத் ஏஷியன்' என்றும் புதியவற்றில் 'வேர்ல்ட் ரெடி' என்றும் வைத்தால் சரியாகும். இமேஜ்மேஜிக்கில் ராக்ம் என்ற நிரல் நூலகம் சேர்த்துத் தொகுக்கப்பட்ட பதிப்பு வேண்டும். மற்ற மென்பொருள்களில் எது ஒழுங்காக வரையும், எது வரையாது என்று சோதித்துக்கொண்டிருப்பதைவிட ஒரு குறுக்குவழி உண்டு. தமிழைச் சரியாக வரையும் ஏதாவது ஒரு மென்பொருளில் பெயரை ஒரே ஒரு முறை எழுதி, பின்புலம் இல்லாத பிஎன்ஜியாகச் சேமித்துவிடுங்கள். அதன்பின் அது எழுத்தே இல்லை, படம். எந்த மென்பொருளும் அதைக் குலைக்க முடியாது. பாமினி போன்ற பழைய குறியேற்ற எழுத்துருக்களில் ஆசை உள்ளவர்களுக்கும் இதே வழிதான்.

அந்த பிஎன்ஜியைத் தேவைக்கு இரண்டு மடங்கு பெரிதாகவே செய்துவையுங்கள். பெரிதைச் சுருக்கலாம். சிறிதைப் பெரிதாக்கினால் 'ழ'வின் வளைவெல்லாம் படிக்கட்டாகிவிடும்.

எங்கே, எவ்வளவு பெரிதாக, எவ்வளவு அழுத்தமாகப் போடுவது?

அகலத்தில் ஆறில் ஒரு பங்கு, ஒபாசிட்டி (குறி எவ்வளவு அழுத்தமாகத் தெரியும் என்ற அளவு) 40 விழுக்காட்டைச் சுற்றி, கீழ் மூலையில் ஓரத்திலிருந்து சற்று உள்ளே. நான் தொடங்கும் இடம் இது, சட்டம் கிடையாது. நீண்ட பக்கம் 2048 பிக்சல் உள்ள படத்தில் ஓரத்திலிருந்து 50 பிக்சல் விட்டால் பார்க்க நன்றாக இருக்கும்.

மூலையில் போட்டால் வெட்டி எறிந்துவிடுவார்களே என்று கேட்பார்கள். உண்மைதான். நடுவில் பெரிதாகப் போட்டால் வெட்ட முடியாது, பார்க்கவும் முடியாது. முகத்தின் குறுக்கே பெயர் ஓடும் படத்தை யாரும் திருட மாட்டார்கள் என்பது சரி, ரசிக்கவும் மாட்டார்கள். விற்பனைக்கு வைத்த மாதிரிப் படம் என்றால் நடுவில் போடுவதில் நியாயம் இருக்கிறது. நாலு பேர் பார்க்கட்டும் என்று வெளியிடும் படத்துக்கு, வெட்டினால் படத்தின் அழகும் சேர்ந்து போகிற இடமாகப் பார்த்துச் சிறிதாகப் போடுங்கள். ஆனால் தொகுப்பாகப் போடும்போது ஒவ்வொரு படத்துக்கும் இடம் தேட முடியாது. முக்கியமான பத்துப் படங்களைத் தனியாக எடுத்துக் கையால் போட்டுவிட்டு, மற்றவற்றைத் தொகுப்பில் விடுங்கள்.

அகலப் படங்களில் சரியாக வருகிறது. நெட்டுப் படங்களில் லோகோ காணாமல் போகிறது அல்லது படுத்துக் கிடக்கிறது. என்ன செய்வது?

இவை இரண்டும் வேறு வேறு நோய்கள்.

காணாமல் போவதற்குக் காரணம், ஆக்‌ஷன் பதிவாகும் விதம். 6000க்கு 4000 பிக்சல் உள்ள அகலப் படத்தைத் திறந்து, லோகோவைச் சுட்டியால் இழுத்து வலது மூலையில் வைக்கிறீர்கள். மூலையில் வைத்தார் என்று மென்பொருள் புரிந்துகொள்வதில்லை. இத்தனை பிக்சல் வலப்பக்கம், இத்தனை பிக்சல் கீழே நகர்த்தினார் என்று மட்டுமே எழுதிக்கொள்கிறது. 4000 மட்டுமே அகலமுள்ள நெட்டுப் படத்தில் அதே தூரம் வலப்பக்கம் தள்ளினால் லோகோ சட்டகத்துக்கு வெளியே போய்விடும். லோகோ அங்கேதான் இருக்கிறது, படம்தான் அதுவரை நீளவில்லை.

சுட்டியால் இழுக்காமல் பதிவு செய்தால் இது தீரும். ஆக்‌ஷனின் முதல் அடியாக 'ஆட்டோமேட்' மெனுவில் உள்ள 'ஃபிட் இமேஜ்' கட்டளையைக் கொடுத்து, அகலம் உயரம் இரண்டிலும் 2048 என்று எழுதுங்கள். படம் எப்படி இருந்தாலும் நீண்ட பக்கம் அந்த அளவுக்கு வந்துவிடும், லோகோவின் அளவும் எல்லாப் படத்திலும் ஒத்துப்போகும். அடுத்து லோகோவை உள்ளே கொண்டுவந்து, முழுப் படத்தையும் தேர்வு செய்து, வலது ஓரத்தோடும் கீழ் ஓரத்தோடும் ஒட்ட வைக்கும் அலைன் பொத்தான்களை அழுத்துங்கள். மூலைக்குப் போ என்ற கட்டளையே இப்போது பதிவாகியிருக்கும். அங்கிருந்து 50 பிக்சல் உள்ளே நகர்த்துவதையும் பதிவு செய்யலாம். மூலையிலிருந்து கணக்காவதால் எந்தப் படத்திலும் தவறாது. கடைசியில் லேயர்களை ஒன்றாக்குங்கள். சேமிப்பதை ஆக்‌ஷனில் பதிவு செய்யாமல் இமேஜ் பிராசசரிடம் விட்டுவிடுங்கள்.

படுத்துக் கிடப்பது எக்ஸிஃப், அதாவது கேமரா படக் கோப்புக்குள் எழுதிவைக்கும் தகவல், செய்த வேலை. போனை நெட்டாகப் பிடித்து எடுத்தாலும் உணர்வியில் படம் பெரும்பாலும் அகலவாக்கிலேயே பதிவாகிறது. காட்டும்போது திருப்பிக் காட்டு என்று ஒரு சிறு குறிப்பு மட்டும் கோப்பில் எழுதப்படுகிறது. அந்தக் குறிப்பைப் படிக்காத மென்பொருள், படுத்திருக்கும் படத்தின்மேல் லோகோவை நேராக ஒட்டும். பிறகு நீங்கள் திறக்கும்போது படம் எழுந்து நிற்கும், லோகோ படுத்துக்கொள்ளும். எக்ஸிஃப்படி திருப்பு என்ற விருப்பம் இருந்தால் வாட்டர்மார்க்குக்கு முன்னால் அதைச் செய்யச் சொல்லுங்கள். இமேஜ்மேஜிக்கில் அதற்கு 'ஆட்டோ ஓரியன்ட்' என்று பெயர்.

வாட்டர்மார்க் போட்டபின் படம் மங்கிவிட்டதுபோல் தெரிகிறது. என் கண் கோளாறா?

இல்லை. ஜேபெக் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கப்படும்போதும் கொஞ்சம் தகவலை இழக்கிறது. ஆகவே ராவிலிருந்தோ (உணர்வி பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கேமராக் கோப்பு), இழப்பில்லாத கோப்பிலிருந்தோ நேராக ஒரே முறை ஜேபெக்குக்கு வாருங்கள். இணையத்துக்குத் தரம் 80 முதல் 90 வரை வைத்தால் போதும்.

நிறமே செத்துப்போனதுபோல் இருந்தால் அது வேறு. படம் அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் இருக்கிறது, நீங்கள் ஓட்டிய மென்பொருள் அந்தக் குறிப்பைத் தொலைத்துவிட்டது. எக்ஸ்போர்ட் செய்யும்போதே, இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றிவிடுங்கள்.

ரா கோப்பின்மேலேயே போட முடியுமா?

முடியாது, முடிந்தாலும் கூடாது. வெளியே போகும் நகலில் மட்டும் போடுவது.

படத்தின்மேல் எழுதாமல், கோப்புக்குள்ளேயே பெயரைப் போட முடியும் என்கிறார்களே?

முடியும், இரண்டையும் செய்யுங்கள். ஐபிடிசி என்ற தகவல் பகுதியில் எடுத்தவர் பெயர், பதிப்புரிமைக் குறிப்பு, தொடர்பு முகவரி ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் இருக்கிறது. எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி ஒரு கோப்புறை முழுவதற்கும் ஒரே கட்டளையில் இவற்றை எழுதிவிடும். சொல்லாமலேயே மூலக் கோப்பின் நகல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிடும் என்பதற்காகவே அதை எனக்குப் பிடிக்கும்.

குறை என்னவென்றால், படத்தை ஏற்றியதும் பல சமூக ஊடகத் தளங்கள் இந்தத் தகவலைத் துடைத்துவிடுகின்றன. மேலே தெரியும் பெயர் அதனால்தான் இன்னும் தேவைப்படுகிறது. கோப்புக்குள் எதை எழுதுகிறீர்கள் என்று பார்க்கும்போதே, எது ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். போனில் எடுத்த படத்தில் உங்கள் வீடு இருக்கும் இடம் அட்சரேகை தீர்க்கரேகையோடு இருக்கக்கூடும்.

எல்லாப் படத்திலும் ஒரே லோகோவை ஒரே மாதிரி போடுவதில் ஆபத்து உண்டா?

உண்டு, தொகுப்பாகப் போடுகிறவர்களுக்குத்தான் அதிகம். 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். ஒரே வாட்டர்மார்க் உள்ள பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றில் மலை, ஒன்றில் முகம், ஒன்றில் மேசை. படத்துக்குப் படம் மாறுவதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக் கலங்கிப்போகும். எல்லாவற்றிலும் மாறாமல் நிற்கும் குறி மட்டும் தெளிந்து வரும். குறி எப்படி இருக்கிறது, எவ்வளவு ஒளி ஊடுருவுகிறது என்று தெரிந்துவிட்டால், ஒவ்வொரு படத்திலிருந்தும் அதைக் கழித்துவிடலாம். கையால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

இடத்தை மாற்றுவதும் ஒபாசிட்டியைக் கூட்டிக் குறைப்பதும் பெரிதாக உதவவில்லை என்று அவர்கள் கண்டார்கள். குறியின் வடிவத்தையே படத்துக்குப் படம் சற்று நெளித்துவிட்டால், கழித்த பிறகும் தடம் தங்கியது. படங்களை விற்கும் பெரிய தொகுப்புகளுக்கு இது முக்கியம். நாற்பது படம் போடுகிறவர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஒரு படத்திலிருந்து குறியை அழிக்க இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே போதும். அழகாகப் போடுவதில் செலவிடும் நேரம்தான் வீணாகாத நேரம்.

கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் போட்டால்?

பிக்சல்களின் மதிப்பைக் கண் உணராத அளவுக்கு மாற்றிச் செய்தியை ஒளித்துவைக்கும் முறை அது. டிஜிமார்க் பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறது. கூகுள் டீப்மைண்ட் 2023இல் அறிமுகப்படுத்திய சிந்த்ஐடி, செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படங்களை அடையாளம் காட்டுவதற்காக வந்தது. உங்கள் பெயரைப் போட அல்ல. படம் எங்கிருந்து வந்தது, எப்படித் திருத்தப்பட்டது என்ற வரலாற்றைக் கையொப்பமிட்டுக் கோப்போடு கட்டும் சி2பிஏ தரநிலையும் இருக்கிறது. பார்க்கிறவருக்குப் பெயர் தெரிய வேண்டும் என்பதுதான் உங்கள் தேவை என்றால் இவை எதுவும் அதற்கு மாற்றாகாது.

பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத் தரும் படங்களிலும் போடலாமா?

தேர்ந்தெடுக்க அனுப்பும் மாதிரிகளில் தாராளமாகப் போடுங்கள். இறுதியாகக் கொடுப்பவற்றில் போடாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுச் சுவரில் நம் பெயரை மாட்டச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூலப் படங்களின்மேலேயே வாட்டர்மார்க் பதிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதலில் கேமராவிலிருந்து மெமரி கார்டைக் கழற்றுங்கள். அதில் இன்னொரு படம்கூட எடுக்க வேண்டாம். கார்டை அழித்திருந்தாலும், அதன்மேல் புதிதாக எதுவும் எழுதப்படாதவரை, ஃபோட்டோரெக் போன்ற இலவச மீட்பு மென்பொருள் பழைய படங்களைப் பெரும்பாலும் எடுத்துத் தந்துவிடும். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காதீர்கள். அதுவும் இல்லையென்றால் போனின் மேகச் சேமிப்பு, யாருக்காவது மின்னஞ்சலில் அனுப்பிய நகல், லைட்ரூம் கோப்புறையில் கிடக்கும் முன்னோட்டப் படங்கள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். முன்னோட்டம் சிறியதாக இருக்கும். ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.